துபாயில் மாலும் மாடியும் தவிர என்ன இருக்கிறது?

கேள்வி, 20 ஜனவரி 2024

வருகிற நவம்பரில் ஆறு நாள் துபாய் போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள். போய்வந்தவர்கள் எல்லாரும் "மால், மாடி, மணல், அவ்வளவுதான், மூணாம் நாளே சலிச்சுரும்" என்கிறார்கள். காசைக் கொட்டிப் போட்ட சினிமா செட்டு அது, ஊருக்கென்று சொந்தமாக ஒன்றும் கிடையாது என்பது என் எண்ணம். தப்பென்றால் சொல்லுங்கள்.

20 ஜனவரி 2024, இரவு

தப்பு. மூன்று நாள் முன்னால்தான் திரும்பி வந்தேன், அந்தச் சூட்டோடு சொல்கிறேன். தங்கை குடும்பம் துபாயில் கராமா என்ற பகுதியில் இருக்கிறது. டிசம்பர் 17, 18-ல் எங்கள் தூத்துக்குடி மழையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்து, கழுவி, மெத்தையெல்லாம் தூக்கிப் போட்ட பிறகு, "அண்ணே, சுவர் காயுற வரைக்கும் இங்க வந்து இருங்க" என்று டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். இருபத்து மூன்று நாள் இருந்தேன். ஒரு நாளும் சலிக்கவில்லை.

மாலுக்கு முதல் நாளே போகாதீர்கள். க்ரீக்குக்குப் போங்கள். ஊருக்குள் வளைந்து வந்து கிடக்கிற உப்பங்கழி அது. இந்தக் கரை பர் துபாய், அந்தக் கரை தேரா. நடுவில் மரப்படகு ஓடுகிறது, அப்ரா என்று பெயர். ஆளுக்கு ஒரு திர்ஹம். டிக்கெட் கிடையாது, பாதி வழி போனதும் ஓட்டுகிறவர் கையை நீட்டுவார், சில்லறையைக் கொடுத்துவிட வேண்டியது. படகின் நடுவில் நீளப் பலகை, அதில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை ஆட்கள், முகம் தண்ணீரைப் பார்த்து. ஓட்டுகிறவர் நடுக்குழியில் எஞ்சினோடு நிற்கிறார். ஓரத்தில் கம்பி கிடையாது. நம் செருப்புக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம் இருந்தால் அதிகம்.

முதல் நாளே ஆறு தடவை அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்தேன். கோபுரமெல்லாம் கண்காட்சி. ஊர் என்பது இந்தக் கழிதான்.

21 ஜனவரி 2024

நேற்று லாஞ்சுகளை எழுத விட்டுப்போச்சு. தேரா கரையில் சரக்கு மரக்கலங்கள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு மூன்று நான்கு வரிசையாகக் கட்டிக் கிடக்கும். புத்தகத்தில் 'தோவ்' என்று போடுகிறார்கள், அங்கே வேலை பார்க்கிறவர்கள் வாயில் லாஞ்ச்தான். நடைபாதையிலேயே ஃப்ரிட்ஜ் பெட்டி, டயர், அரிசி மூட்டை, தேயிலைப் பெட்டி என்று அடுக்கியிருக்கும். ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகிற சரக்கு.

அப்பா தோணித் தண்டல், தோணியை நடத்துகிறவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிப் போனவர். அதனால் என் கால் தானாக அங்கேதான் போகும். ஒரு சாயங்காலம், ஒரு லாஞ்சின் மேல்தட்டில் வயசான ஆள் ஒருவர் குந்தியிருந்து, எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியைப் பலகை இடுக்கில் வைத்து உளியால் இறக்கிக்கொண்டிருந்தார். மரச் சுத்தியல். டொக், டொக் என்று ஒரே தாளம். திரி முழுக்க இறங்கிவிட்டால் சத்தம் மாறிக் கட்டையாக விழும். அப்பா திண்ணையில் உட்கார்ந்தே அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்வார், "இன்னும் ரெண்டு அடி வேணும்லே" என்று. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் என்ன வேலை என்று கேட்டேன். கட்ச் மாண்ட்விக்காரராம். "கலாபத்" என்றார். தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கிற இந்த வேலையை நாங்கள் கலப்பத்து என்போம். அவர் கையில் இருந்த மீன் எண்ணெய் வாசனை எங்கள் பழைய துறைமுக வாசனை.

அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். தங்கை போன் பண்ணிய பிறகுதான் நகர்ந்தேன்.

23 ஜனவரி 2024

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கராமாவில் நம் ஊர்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன, சரவண பவன் முதல் அஞ்சப்பர் வரை. இட்லிக்குக் கவலையே வேண்டாம். ஆனால் ஆறு நாளும் இட்லி தின்னாதீர்கள். சத்வாவில் ராவி என்ற பாகிஸ்தானிக் கடை 1978 முதல் இருக்கிறது, வெளியே மேசை போட்டு உட்காரலாம். கடக் சாயா எந்தத் தெருமுனைக் கஃப்டீரியாவிலும் கிடைக்கும், ஏலக்காய் தட்டிப் போட்டுக் கெட்டியாக. மகளுக்கு லுகைமாத் வாங்கிக் கொடுங்கள். சுடச்சுடப் பொரித்த மாவு உருண்டை, மேலே பேரீச்சம்பாகு. எங்கள் தங்கை மகன் ஒரு தட்டை ஒரே ஆளாகக் காலி பண்ணுவான்.

மெட்ரோவில் ஒன்றும் வாயில் போடாதீர்கள். தண்ணீர், சூயிங்கம்கூடக் கூடாது. 100 திர்ஹம் அபராதம்.

27 ஜனவரி 2024

தங்கக் கடைத் தெரு. தேராவில் அப்ரா இறங்கி, மசாலாக் கடைத் தெரு வழியாக நடந்தே போகலாம். மசாலாத் தெருவில் காய்ந்த எலுமிச்சை, ஈரான் குங்குமப்பூ, ஓமான் பறங்கிச் சாம்பிராணி. சாம்பிராணி மட்டும் கட்டாயம் வாங்குங்கள். நம் ஊரில் கிடைக்கிற கட்டிச் சாம்பிராணி வேறு, அது வேறு. வெள்ளையும் லேசான பச்சையுமாகக் கண்ணீர்த் துளி மாதிரி இருக்கும். ஒரு துளியைக் கரியில் போட்டால் வாசனை வீடு முழுக்க இரண்டு நாள் நிற்கும்.

தங்கத்தில் கிராம் விலை அன்றன்று எல்லாக் கடையிலும் ஒன்றுதான், அதில் பேரம் நடக்காது. செய்கூலியில்தான் பேசணும். பாதிக்குப் பாதி கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். 5 சதவீத வரி உண்டு. சுற்றுலா வந்தவர்கள் பில்லைக் காட்டி ஏர்போர்ட்டில் திரும்ப வாங்கலாம், முழுசாக வராது. உங்கள் மனைவி 40 கிராம் வரை வரி கட்டாமல் இந்தியாவுக்குக் கொண்டுவரலாம்.

மகளுக்குக் காட்ட, ஒரு கடையில் 64 கிலோ மோதிரம் வைத்திருக்கிறார்கள். 21 கேரட்.

28 ஜனவரி 2024

நேற்று எழுதியதில் வரி கட்டாமல் 40 கிராம் கொண்டுவரலாம் என்றதை அடித்துவிடுங்கள். வரியில்லாத நகை சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். பெண்களுக்கு 40 கிராம். ஆண்களுக்கு 20 கிராம். ஆறு நாள் போகிறவர்களுக்கு இது கிடையவே கிடையாது. நான் துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்த்தவன், இதைத் தப்பாக எழுதியிருக்கக் கூடாது. மன்னிக்கணும்.

2 பிப்ரவரி 2024

பாலைவன சஃபாரி. எல்லாரும் கேட்கிறீர்கள், போகலாமா வேண்டாமா என்று.

ஒரு ஏஜெண்டிடம் பதிவு செய்தோம். சொன்ன நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து வண்டி வந்தது. ஆறு பேர் இருக்கிற வண்டியில் ஏழாவதாக ஒருவரை ஏற்றினார்கள். லஹ்பாப் பக்கம் சிவப்பு மணல். அங்கே நிறுத்தி டயர்க் காற்றைப் பாதிக்கு இறக்கினார் டிரைவர், அப்போதுதான் டயர் மணலில் அகலமாகப் பதிந்து புதையாமல் ஓடும். அப்புறம் மணல்மேட்டில் ஏற்றுவதும் பக்கவாட்டில் சறுக்கவிடுவதும். என் தங்கைக்கு இரண்டாவது மேட்டிலேயே வாந்தி. மெதுவாகப் போகச் சொன்னோம், "அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்" என்று முக்கால் மணி நேரம் ஓட்டினார். கூடாரத்தில் போய் இறங்கியபோது அவள் முகம் வெளுத்திருந்தது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. குழந்தையைக் கூட்டிப்போகிறவர்கள் மேடு ஏறாத பயணமும் உண்டா என்று கேட்டுப் பதிவு பண்ணுங்கள், உண்டு.

எனக்குப் பாலைவனம் கிடைத்தது வேறொரு நாள். மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கை கணவருக்கு, லீவு. விடியுமுன்னே அல் குத்ரா பக்கம் போனோம். சாலை ஓரத்தில் வண்டியை விட்டுவிட்டு மணலில் நடந்தோம். குளிர் நிஜமாகவே குளிர், ஸ்வெட்டர் வேண்டும். காற்று இரவெல்லாம் வரிவரியாக மணலைச் சீவி வைத்திருந்தது, அந்த வரிகளின் குறுக்கே ஒரு வண்டு நடந்துபோன தடம், தையல் போட்டது மாதிரி. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு மரத்தடியில் முடிந்தது. மெல்லிய இலை, தொங்கும் கொப்பு, சின்ன முள். மாப்பிள்ளை, "இது காஃப் மரம் மச்சான், இவங்க தேசிய மரம்" என்றார். தொட்டுப் பார்த்தேன், இலையைக் கசக்கினேன். வன்னி மரம். நம் சிவன் கோயில்களில் தலமரமாக நிற்குமே, அதே வன்னி. செடிநூலிலும் இரண்டும் ஒரே மரம்தான். வேர் மணலுக்குள் வெகு ஆழம் இறங்கித் தண்ணீர் தேடும். சுற்றிலும் பச்சை ஒரு பொட்டு இல்லை, அது மட்டும் நிழல் போட்டுக்கொண்டு நின்றது.

வானம் வெளுக்கும்போது தூரத்தில் நான்கைந்து ஓரிக்ஸ் மான், வெள்ளை உடம்பு, நேரான நீளக் கொம்பு. அவை எங்களைப் பார்த்தன, நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

போகணும் என்றால் இப்படிப் போங்கள்.

3 பிப்ரவரி 2024

வன்னி பற்றிச் சொன்னது சரிதானா என்று ஒருவர் சந்தேகப்பட்டிருக்கிறார். சரிதான். சீமைக்கருவேலமும் அதே இனத்துப் பக்கத்துச் சொந்தம். அதுவும் அங்கே நுழைந்து தொல்லை கொடுக்கிறது, நம் ஊர் மாதிரியே. நான் பார்த்தது அது இல்லை. வன்னியின் காயும் கொப்பும் வேறு.

9 பிப்ரவரி 2024

மூன்று வாரமாக ஒன்று உறுத்துகிறது. முதல் நாள் ராத்திரி, கோபுரமெல்லாம் கண்காட்சி, ஊர் என்பது கழிதான் என்று எழுதினேன். மாப்பிள்ளை இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணினார். கோபமாக இல்லை, ஆனால் சிரிக்கவும் இல்லை. "மச்சான், நீங்க க்ரீக்கை என்னமோ கடவுள் செஞ்சது மாதிரி எழுதியிருக்கீங்க. ஷிந்தகா மியூசியத்துல என்ன பார்த்தீங்க?"

அவர் சொன்னது நியாயம். ஷிந்தகா அருங்காட்சியகத்தில் க்ரீக்குக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, இரண்டு மணி நேரம் அதில் நின்றவன் நான். ஐம்பதுகளில் கழி தூர்ந்துபோய்ப் பெரிய படகு உள்ளே வர முடியாத நிலை. பக்கத்து ஷார்ஜாவின் கழியும் தூர்ந்து வியாபாரம் போய்க்கொண்டிருந்தது. அப்போது துபாயை ஆண்ட ஷேக் ராஷித் குவைத்திடம் கடன் வாங்கித் தூர்வாரினார். 1961 வாக்கில் வேலை முடிந்தது. தோண்டிய மண்ணைக் கரையில் கொட்டி நிலத்தை மேடாக்கினார்கள். எண்ணெய் கண்டுபிடித்தது 1966-ல். ஆக, கையில் எண்ணெய் இல்லாதபோதே கடன் வாங்கி ஆழப்படுத்திய கழி அது. 2016-ல் மறு கோடியை ஜுமேரா வழியாக வெட்டிக் கடலோடு சேர்த்தும்விட்டார்கள், இப்போது அது இரண்டு பக்கமும் வாய் உள்ள கால்வாய்.

நான் மயங்கிப்போன அதே கழிதான் இந்த ஊரின் முதல் செயற்கை வேலை. அப்படியானால் கடலுக்குள் பனை வடிவில் போட்ட பாம் ஜுமேரா தீவை மட்டும் நான் எப்படிக் கண்காட்சி என்று தள்ள முடியும்? அதுவும் மண்ணை எடுத்து மண்ணைக் கொட்டியதுதானே. பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகிவிடும், தண்ணீரில் போட்டால் பிடித்து நிற்காது. அதனால் கடலடி மணலை உறிஞ்சி எடுத்து, பீய்ச்சியடித்துத் தீவு போட்டார்கள். சுற்றி 11 கிலோமீட்டர் கல் அணை. உள்ளே தண்ணீர் தேங்கி நாறாமல் இருக்க அணையில் வாய் விட்டிருக்கிறார்கள். துறைமுகத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவனுக்கு, இதில் எவ்வளவு யோசனை போயிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கதையும் இதுதான். பழைய தூத்துக்குடியில் ஆழம் கிடையாது, கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைலுக்கு அப்பால் நிற்கும், அப்பா மாதிரி ஆட்கள் தோணியில் போய்ச் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கடலுக்குள் கல்லைக் கொட்டி இரண்டு பெரிய அணை கட்டிய பிறகுதான் புதுத் துறைமுகம். 1974-ல் பெரிய துறைமுகமாக அறிவித்தார்கள். அதை நாங்கள் யாரும் செட்டு என்று சொன்னதில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் வீடு கட்டினேன்.

உங்கள் கேள்வியில் இருந்த 'செட்டு' என்ற சொல்லை நானும் அறியாமல் ஏற்றுக்கொண்டுதான் பதில் எழுதியிருக்கிறேன். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

10 பிப்ரவரி 2024

பர் துபாய் கோயில் பற்றிக் கேட்டவருக்கு: பழைய சந்தில் இருந்த சிவன் கோயிலை இந்த ஜனவரியில் ஜெபல் அலிக்கு மாற்றிவிட்டார்கள். கிருஷ்ணன் கோயில் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஜெபல் அலியில் 2022 அக்டோபரில் திறந்த புதுக் கோயில் பெரிது.

18 பிப்ரவரி 2024

பூநாரை பார்க்கணும் என்றால் ராஸ் அல் கோர். கழி உள்ளே வந்து அகன்று சதுப்பாகிற இடம். மரத்தில் மறைவிடம் கட்டி, பார்க்கத் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. குளிர்காலத்தில் போனால் நூற்றுக்கணக்கில் நிற்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து அரித்து அரித்து எடுக்கும். எங்கள் உப்பளத்துக்கும் வரும், ஆனால் அங்கே அளத்து வரப்பில் நின்று கண்ணைச் சுருக்கித்தான் பார்க்கணும். இங்கே மடக்கி மடக்கித் தூக்கி வைக்கிற காலைக்கூட எண்ணலாம். பின்னால் வானத்தை முட்டுகிற கட்டடங்கள், முன்னால் இந்த இளஞ்சிவப்பு. மகளுக்கு இதைவிட நல்ல இடம் வேறு சொல்ல மாட்டேன்.

கழி என்றதும் முத்து ஞாபகம் வருகிறது. எண்ணெய்க்கு முன்னால் துபாய் முத்தில் பிழைத்த ஊர். கோடையில் நாலு மாதம் கடலிலேயே கிடப்பார்கள். குளியாள் மூக்கில் ஒரு இடுக்கி மாட்டிக்கொண்டு, காலில் கல் கட்டி இறங்குவார். கயிறு பிடிக்கிறவர் மேலே. பாட்டுக்கென்றே படகில் ஒரு ஆள். முன்பணம் வாங்கிக் கடனில் விழுந்து, அப்பன் கடனுக்கு மகன் குளித்த கதைகளும் உண்டு. 1929-க்குப் பிறகு உலகமெங்கும் பணமுடை, அதோடு ஜப்பான்காரர் வளர்ப்பு முத்து வந்து, ஊர் பட்டினியில் விழுந்தது.

எங்கள் முத்துக்குளித்துறைக்காரர்களுக்கு இதில் ஒரு வரியும் புதிதல்ல. இலங்கை மன்னார்ச் சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாட்கள் வந்து எங்கள் ஆட்களோடு குளித்திருக்கிறார்கள். பெரிய தாத்தா சங்குக் குளியாள், காது ஒன்று கேட்காது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மூக்கு இடுக்கியைப் பார்த்தபோது, இவ்வளவு சின்னதா என்றுதான் தோன்றியது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை.

25 பிப்ரவரி 2024

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மால் ஆஃப் தி எமிரேட்ஸுக்குள் ஸ்கீ துபாய் இருக்கிறது. 2005-ல் திறந்தது. வெளியே வெயில், உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே, நிஜமான பனிச் சரிவு. கோபுரத்தையே கண்காட்சி என்றவன், இதற்கு வரவே மாட்டேன் என்றேன். தங்கை மகன் கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

எங்கள் ஊர் மாதா பெயர் பனிமய மாதா. ரோமாபுரியில் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு குன்றின்மேல் பனி விழுந்ததாகவும் அந்த இடத்தில் கோயில் எழுப்பியதாகவும் கதை. அதனால் ஆகஸ்ட் 5-ல் திருவிழா. அம்மா அறுபது வருஷம் அந்தக் கொடியேற்றத்துக்கு நின்றவள். ஒருதடவை நான் சின்னப் பையனாக, பனின்னா எப்படிம்மா இருக்கும் என்று கேட்டேன். ஐஸ் கம்பெனியிலிருந்து மீனுக்கு வருகிற பாளத்தைக் காட்டி, "இது மாதிரி, ஆனா பூ மாதிரி" என்றாள். அவளும் பார்த்ததில்லை. அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

அவர்கள் கொடுத்த கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். குனிந்து ஒரு கை அள்ளினேன். அழுத்தினால் கட்டியாகிறது, ஊதினால் பறக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில், பாலைவனத்தில், கடைக்கு நடுவில் நின்றுகொண்டு நான் அழுதேன். தங்கையும் பக்கத்தில் நின்று அழுதாள். பையன் பயந்துபோய் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

மறுநாள் ஊத் மேத்தா புனித மரியாள் கோயிலில் தமிழ்ப் பூசை. ஷேக் ராஷித் நிலம் கொடுத்து 1967-ல் திறந்த கோயில் அது, பிறகு பெரிதாகக் கட்டினார்கள். வெளியே வந்ததும் பார்த்தால் முற்றம் முழுக்க எங்கள் கடற்கரைப் பேச்சு. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டணம், இடிந்தகரை. அம்மா பேருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

13 மார்ச் 2024

நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு மாதத்தில் போனால் ஒன்றும் கிடைக்காதா என்று ஒருவர் கேட்டார். கடைகள் பகலிலும் திறந்திருக்கும். ஆனாலும் நாலு பேர் பார்க்கத் தெருவில் தின்னாமல் குடிக்காமல் இருப்பதுதான் முறை. நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பாயை விரித்து வரிசையாகச் சாப்பாடு வைத்திருப்பார்கள். யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை.

புர்ஜ் கலீஃபாவில் ஒரு விசேஷம் உண்டு. 828 மீட்டர். மேலே போகப் போகச் சூரியன் மறைவது தாமதமாகத் தெரியும். அதனால் 80-வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் நோன்பு திறக்க இரண்டு நிமிடமும், 150-க்கு மேல் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று 2011-ல் மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள். ஒரே கட்டடத்துக்குள் மூன்று அந்தி.

நானும் 124-வது மாடிக்குப் போனேன், மாப்பிள்ளையோடு. அவர் டிஸ்ட்ரிக்ட் கூலிங் பிளாண்டில் சில்லர் டெக்னீஷியன், பதினாறு வருஷமாக. ஒரு இடத்தில் தண்ணீரைக் குளிர வைத்து, பூமிக்கடியில் குழாயில் கட்டடம் கட்டடமாக அனுப்புகிறார்கள். ஐந்து டிகிரி அளவில் போய், சூட்டை வாங்கிக்கொண்டு பதிமூன்று பதினாலாகத் திரும்பி வருமாம். சூரியன் இறங்கி விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் எல்லாரும் நீரூற்றுப் பக்கம் ஓடினார்கள். அவர் எதிர்ப்பக்கக் கண்ணாடிக்கு என்னைக் கூட்டிப்போய், கீழே இரண்டு கட்டடத்தைக் காட்டினார். "அந்த ரெண்டுலயும் ஓடுறது நம்ம தண்ணி மச்சான்." வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு ஜூலையில் பம்ப் நின்றுபோய் இரவெல்லாம் கூட நின்று சரி பண்ணிய கதையைத் தங்கைதான் பிறகு சொன்னாள்.

வெளி வேலை பார்க்கிறவர்களுக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வேலை கூடாது என்று சட்டம். அந்த வெயிலில் மூன்று மணிக்குத் திரும்பக் கம்பி கட்டப் போகிறவர்களில் நம் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பையன்கள் எத்தனையோ பேர். இனி யாராவது என்னிடம் அந்த ஊரைச் செட்டு என்றால் எனக்குப் பொறுக்காது.

17 ஏப்ரல் 2024

நேற்று அங்கே மழை. செய்தியில் பார்த்திருப்பீர்கள். 1949-ல் கணக்கெடுக்க ஆரம்பித்த நாள் முதல் இப்படிப் பெய்ததில்லையாம். அல் ஐன் பக்கம் ஒரு இடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர். ஏர்போர்ட் ஓடுபாதையில் விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது.

ராத்திரி பதினொரு மணிக்குத் தங்கை போன். "அண்ணே, கீழ பார்க்கிங் முழுக்கத் தண்ணி. நம்ம வீட்டுல வந்தப்ப முதல்ல என்ன பண்ணீங்க?" டிசம்பரில் நான் அவளிடம் சொல்லி அழுதது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. குடிதண்ணீர் பிடித்து வை, லிஃப்டில் ஏறாதே, போனெல்லாம் சார்ஜ் போட்டுக்கொள், பாஸ்போர்ட்டையும் சர்டிபிகேட்டையும் ஒரே பையில் போட்டு உயரத்தில் வை என்றேன். மாப்பிள்ளை பிளாண்டிலேயே மாட்டிக்கொண்டார், வர வழியில்லை.

இதை அளவு வைத்துப் பேசாதீர்கள். எங்கள் காயல்பட்டினத்தில் டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, உண்மைதான். ஆனால் அங்கே வருஷம் முழுக்கப் பெய்வதே பத்து சென்டிமீட்டர் அளவுதான். வடிய வழியே இல்லாத மண்.

19 ஏப்ரல் 2024

மாப்பிள்ளை வீடு வந்து சேர்ந்தார். கடைசி நாலு கிலோமீட்டர் முழங்கால் தண்ணீரில் நடந்து. வண்டி போச்சு. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

28 ஏப்ரல் 2024

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "சரி, கடைசியாக எனக்கு ஆறு நாளுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள்" என்கிறார்.

முதல் நாள் சாயங்காலம் அப்ரா, தேரா, லாஞ்சுக் கரை. மறுநாள் காலையில் அல் ஃபாஹிதி பழைய தெரு. காற்றுக் கோபுரம் வைத்த வீடுகள், அடியில் நின்றால் காற்று தலையில் விழுவது தெரியும். பிறகு ஷிந்தகா. மூன்றாம் நாள் விடியுமுன்னே பாலைவனம், மத்தியானம் தூக்கம். நாலாம் நாள் பூநாரை, சாயங்காலம் புர்ஜ் கலீஃபா. பாம், மால், கடற்கரை எல்லாம் ஐந்தாம் நாள், மகள் எதைச் சொல்கிறாளோ அந்த வரிசையில். ஆறாம் நாளை வெறுமே விட்டுவிடுங்கள். நீங்களே திரும்ப அப்ராவுக்குத்தான் போவீர்கள்.

ஸ்கீ துபாய் போனால் எனக்காக ஒன்று செய்யணும். பனியை ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். அதற்கு வாசனையே இல்லை என்கிறேன் நான். ஐஸ் கம்பெனிப் பாளத்தின் அதே வாசனைதான் என்று தங்கை சாதிக்கிறாள். நவம்பரில் வந்து இங்கே எழுதுங்கள்.